காவல், நீதித் துறைகளின் அறச்சிக்கல்களைப் பயில்வது எப்படி

குற்றவியல் நீதி சார்ந்த அறச்சிக்கல்களைப் படிக்கத் தொடங்குபவர் பெரும்பாலும் முதல் நாளிலேயே நீதிபதியாகிவிடுகிறார். வழக்கைப் படித்து, யார் செய்தது தவறு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அடுத்த வழக்குக்குப் போய்விடுகிறார். இப்படி நூறு வழக்குகளைப் புரட்டினாலும் கைக்கு ஒன்றும் வராது. தீர்ப்பைத் தள்ளிப்போடப் பழகுவதே இந்தப் படிப்பின் கடினமான பகுதி. கீழே சொல்லும் வழிகள் அந்தப் பழக்கத்துக்கு உதவக்கூடியவை.

முதலில் சிக்கல் எது, சபலம் எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். லஞ்சம் வாங்கலாமா என்று தயங்கும் அதிகாரியின் முன் இருப்பது சபலம்தான். எது சரி என்பதில் அவருக்கே ஐயம் இல்லை. சாட்சியத்தை ஜோடிப்பதும் அந்த வகையே. இரு பக்கமும் வெளிப்படையாகச் சொல்லக்கூடிய ஒரு கடமை இருந்து, ஒன்றைக் காத்தால் மற்றொன்று முறியும் என்றாகும்போதுதான் ஒருவர் இருதலைக்கொள்ளி எறும்பாகிறார். பாடத்திட்டங்கள் இவ்விரண்டையும் ஒரே தலைப்பின்கீழ் கலந்து வைத்திருப்பது மாணவரைத் தேவையின்றிக் குழப்புகிறது என்றே நினைக்கிறேன்.

அடுத்து, ஒரே ஒரு வழக்கை எடுத்து, முடிவெடுத்த நொடியில் கடிகாரத்தை நிறுத்துங்கள். 2002 செப்டம்பர் இறுதியில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் 11 வயதுச் சிறுவன் கடத்தப்பட்டான். பணயத் தொகையை எடுத்துச் சென்றவர் பிடிபட்டார். சிறுவன் எங்கே என்று மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. அக்டோபர் 1 அன்று காலை, காவல்துறைத் துணைத் தலைவர் வொல்ஃப்காங் டாஷ்னர், கடுமையான வலி உண்டாக்கப்படும் என்று அவரை மிரட்டும்படி உத்தரவிட்டார். மிரட்டல் பலித்தது, இடம் தெரிந்தது. ஆனால் சிறுவன் அதற்கு முன்பே கொல்லப்பட்டிருந்தான்.

இந்தக் கடைசி வாக்கியத்தை மறைத்துவிட்டுத்தான் உங்கள் வேலையைத் தொடங்க வேண்டும். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, அந்தக் காலையில் டாஷ்னருக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை ஒரு பக்கமும், அவர் ஊகித்தவற்றை மறுபக்கமும் எழுதுங்கள். ‘சிறுவன் உயிரோடு இருக்கிறான்’ என்பது ஊகப் பக்கத்துக்குத்தான் போகும். ‘பிடிபட்டவருக்கு இடம் தெரியும்’ என்பதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று கை தயங்கினால், பயிற்சி சரியான வழியில் போகிறது என்று கொள்ளலாம். வகுப்பறைக்கென்று புனையப்பட்ட கதைகளில் பிடிபட்டவரே குற்றவாளி என்பது முன்கூட்டியே தீர்மானமாகியிருக்கும். விசாரணை அறையில் அந்த உறுதி எவருக்கும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

பிறகு சட்டம். ஐக்கிய நாடுகள் அவை 1984இல் ஏற்றுக்கொண்ட சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு, எந்த அசாதாரணச் சூழலும் சித்திரவதையை நியாயப்படுத்தாது என்கிறது. காவலில் உள்ளவரை உடலாலும் மனத்தாலும் துன்புறுத்தக் கூடாது என்பது ஜெர்மனியின் அரசியலமைப்பிலேயே உள்ளது. ஆகவே சட்டக் கேள்வி விரைவில் முடிந்துவிடும். அறக் கேள்வி அங்கே முடிவதில்லை. 2004 டிசம்பரில் நீதிமன்றம் டாஷ்னரைக் குற்றவாளி என்று கண்டது. ஆனால் எச்சரித்து, அபராதத்தை நிறுத்திவைத்து அனுப்பியது. செயல் தவறா என்பதும், செய்தவர்மேல் எவ்வளவு பழி சுமத்தலாம் என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதைக் காட்டும் தீர்ப்பு இது. 2010இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், அந்தத் தண்டனை போதுமானதல்ல என்றும் மனிதத்தன்மையற்ற நடத்தைக்கான தடை மீறப்பட்டது என்றும் கூறியது. பிடிபட்டவர்மேல் நடந்த கொலை வழக்கு விசாரணை நியாயமாகவே நடந்தது என்றும் கூறியது. மாறுபட்ட நீதிபதிகள் எழுதிய பக்கங்களையும் தவறாமல் படியுங்கள். பல நேரங்களில் சிக்கலின் உண்மையான ஆழம் அங்கேதான் தெரியும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மிரட்டல் உத்தரவைக் கோப்பில் குறித்து வைத்தவர் டாஷ்னரே. இது அவர் செயலைச் சரியாக்குகிறதா, அல்லது அவரைப் பற்றிய நம் மதிப்பீட்டை மட்டும் மாற்றுகிறதா என்று தனியாக ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

ஒரே நாற்காலியிலிருந்து பார்த்துப் பழகிய கண்ணை மாற்ற, இரண்டாவதாக வழக்கறிஞர் பக்கத்திலிருந்து ஒரு வழக்கை எடுக்கலாம். 1982 ஜனவரியில் சிகாகோவில் ஓர் உணவகக் காவலாளி கொல்லப்பட்ட வழக்கில் ஆல்டன் லோகன் என்பவர் கைதானார். அதே ஆண்டில், காவலர் இருவரைக் கொன்றதாகக் கைதான ஆண்ட்ரூ வில்சன், அந்தக் காவலாளியைச் சுட்டதும் தான்தான் என்று தன் வழக்கறிஞர்களிடம் ஒப்புக்கொண்டார். கட்சிக்காரர் சொன்னதை வெளியிடக் கூடாது என்பது தொழில் நெறி. அவர்கள் பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டு, ஓர் உலோகப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். லோகனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2007இல் வில்சன் இறந்த பிறகே பெட்டி திறந்தது. லோகன் சிறையில் கழித்தது 26 ஆண்டுகள்.

இங்கே ஒரு தகவலை மட்டும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். லோகனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தால்? வில்சன் இன்னும் 20 ஆண்டுகள் வாழ்ந்திருந்தால்? இரகசியம் காக்கப்படாது என்று தெரிந்தால், அடுத்த கட்சிக்காரர் வாய் திறப்பாரா? பதில் எந்த இடத்தில் புரள்கிறதோ, அந்த இடத்தில்தான் நீங்கள் உண்மையில் நம்பும் கொள்கை ஒளிந்திருக்கிறது.

இதே வில்சன் காவலில் சித்திரவதைக்கு ஆளானவர் என்பதும், காவலர் கொலை வழக்கில் அவரது ஒப்புதல் வாக்குமூலத்தை முன்வைத்துக் கிடைத்த தண்டனையை மாநில உச்ச நீதிமன்றம் 1987இல் ரத்து செய்தது என்பதும் தெரியவரும்போது, பிராங்க்பர்ட் தாளை மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும். ஒரு குழந்தைக்காக ஒரே ஒரு முறை என்று பேசப்படும் மிரட்டல், சிகாகோவில் ஜான் பர்ஜ் என்ற அதிகாரியின்கீழ் ஆண்டுக்கணக்கில் பழக்கமாகவே நடந்திருந்தது.

நெறிமுறை ஆவணங்களில் ஐ.நா. 1979இல் வெளியிட்ட காவல் அலுவலர் நடத்தை நெறிகளை முதலில் படிக்கலாம், எட்டே பிரிவுகள். இரகசியம் காக்கச் சொல்லும் 4ஆம் பிரிவையும், மீறல்களை மேலிடத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் 8ஆம் பிரிவையும் அருகருகே வைத்துப் படித்தால், ஒரே ஆவணத்துக்குள் இழுபறி இருப்பது தெரியும். துப்பாக்கிப் பயன்பாடு பற்றிய 1990ஆம் ஆண்டின் அடிப்படைக் கோட்பாடுகள் அதற்கு அடுத்தது.

பெரிய வழக்குகளோடு நின்றுவிடவும் வேண்டாம். திருடிய சிறுவன்மேல் வழக்குப் பதிவதா, எச்சரித்து விடுவதா. சக காவலர் கைதியை அடித்ததைக் கண்ட சிறைக்காவலர் அதை எழுதுவதா: துறையின் அன்றாடம் இவற்றால் ஆனது. தனியாகப் படிப்பதைவிட நான்கைந்து பேர் சேர்ந்து படிப்பது நல்லது; அதிகாரி, பிடிபட்டவர், பாதிக்கப்பட்டவரின் பெற்றோர், வழக்கறிஞர் என்று இடங்களைப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தமக்கு உடன்பாடில்லாத இடத்திலிருந்து பேச வேண்டும். முடிவை அதன்பிறகு எழுதித் தேதியிடுங்கள். ஒரு மாதம் கழித்து அதே வழக்கை மறுபடி எழுதும்போது பழைய பக்கத்தைக் கிழிக்காமல் விட்டுவைத்து, எந்தத் தகவல் உங்களை மாற்றியது என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.