பத்தாயிரம் ரூபாய் போன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி டெம்பர்டு கிளாஸ் ஒட்டக் கடைக்கு வந்தான். முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிய போன். பெட்டியையும் கையோடு கொண்டுவந்திருந்தான். "எட்டு ஜிபி ராம், அண்ணா" என்றான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம். மீதி நான்கு ஜிபி, நட்சத்திரக் குறி போட்டுப் பொடி எழுத்தில் எழுதிய சமாசாரம். ஒன்றும் சொல்லாமல் கிளாஸை ஒட்டிக் கொடுத்துவிட்டேன். வாங்கிய பிறகு சொல்லி அவன் மகிழ்ச்சியைக் கெடுப்பானேன்? இனிமேல் வாங்கப் போகிறவர்களிடம் சொல்லலாம். பில் கேளுங்கள், சீல் பாருங்கள் என்பதெல்லாம் இங்கே இல்லை; அது உங்களுக்கே தெரியும்.

சேமிப்பிடத்தில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பது

எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டுவது இதுதான். காரணம், நானே இரண்டு முறை இதில் விழுந்தவன்.

2011இல் நான் வாங்கிய முதல் தொடுதிரை போனில் செயலிகளுக்கு இருந்த இடம் 180 எம்பி. மெமரி கார்டு போட்டால் சரியாகிவிடும் என்று நம்பினேன். செயலிகளில் பாதி கார்டுக்குப் போகவே இல்லை. வாட்ஸ்அப்பைப் புதுப்பிக்க வேண்டுமானால் வேறு எதையாவது நீக்க வேண்டும். நீக்கியதைத் திரும்பப் போட வாட்ஸ்அப்பை நீக்க வேண்டும். பத்து வருடம் கழித்து, இதே தொழிலில் இருந்துகொண்டே, அம்மாவுக்குப் போன் எடுக்கும்போது "அம்மாவுக்கு எதற்கு 128?" என்று 64ஐ எடுத்தேன்.

ஒன்றரை வருடம் ஓடியது. ஒரு நாள் மருந்துக்கடையில் நின்று பணம் செலுத்தப் பார்த்தால், செயலியைப் புதுப்பிக்கச் சொல்கிறது, புதுப்பிக்க இடமில்லை. அம்மா மருந்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்று இரவு போனைத் துழாவினேன். சொந்தக்காரர் குழு, கோவில் குழு, தெருக் குழு மூன்றிலிருந்தும் ஒரே பிள்ளையார் 'காலை வணக்கம்' சொல்லித் தனித்தனியாக வந்து இறங்கியிருந்தார். அம்மா எடுத்து அனுப்பிய கோலப் படங்கள் கேமரா ஃபோல்டரில் ஒரு முறை, வாட்ஸ்அப்பின் 'சென்ட்' ஃபோல்டரில் இன்னொரு முறை. இந்த இரண்டாவது பிரதி கேலரியில் கண்ணில் படாது. கேலரியை எவ்வளவு துடைத்தாலும் இடம் முழுதாகத் திரும்பாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இடம் நிறைந்தால் போன் ஏன் நொண்டுகிறது? போனின் சேமிப்பிடம் ஃப்ளாஷ் நினைவகம் என்ற சிப். அதில் பழையதன் மேலேயே புதியதை எழுத முடியாது. ஒரு தொகுதியை முழுக்க அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். காலியிடம் தாராளமாக இருந்தால் போன் சும்மா இருக்கும் நேரத்தில் இந்த வேலை நடந்துவிடும். இல்லையென்றால், பேரன் சிரிக்கும்போது நீங்கள் படமெடுக்கும் அதே நொடியில் நடக்கும். பேரன் சிரித்து முடித்துவிடுவான்.

இதில் சிப்பின் வகையும் சேர்ந்துகொள்கிறது. விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் இஎம்எம்சி 5.1 வகைதான். இதன் உச்சவரம்பே விநாடிக்கு 400 எம்பி. அதுவும் ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும், இரண்டும் சேர்ந்து நடக்காது. ஒற்றை ரயில் பாதையில் எதிர்வண்டி கடக்கும்வரை காத்துக் கிடப்பது போலத்தான். இன்னொரு வகையான யுஎஃப்எஸ் 2.2 என்றால் போகவும் வரவும் தனித்தனிப் பாதை.

இப்போது அந்த நட்சத்திரக் குறிக்கு வருவோம். ராம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளைப் போன் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம். 'கூடுதல் ராம்' என்பது ராமே அல்ல. சேமிப்பிடத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி ராம் போலப் பயன்படுத்துகிறார்கள். அசல் ராம் விநாடிக்குப் பத்து ஜிபிக்கும் மேல் கையாளக்கூடியது. கடன் வாங்கிய ராம் அந்த 400 எம்பி வாசல் வழியாகத்தான் வந்து போக வேண்டும். ஏற்கெனவே நெருக்கடியான 64இல் நான்கு ஜிபியை அதற்கும் கொடுத்துவிடுகிறீர்கள். எழுதி எழுதி அழிக்கும் வேலையும் அந்தச் சிப்பின் தலையில்தான் விழுகிறது. முடிந்தால் அமைப்புகளில் போய் இதை அணைத்துவிடுங்கள்.

சிப் வகை பெட்டியில் அநேகமாக இருக்காது. நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தைத் திறந்து யுஎஃப்எஸ் என்று இருக்கிறதா பாருங்கள். வெறுமனே '128 ஜிபி' என்று மட்டும் இருந்தால், இஎம்எம்சி என்றே வைத்துக்கொள்வது நல்லது. பெருமைப்பட ஏதாவது இருந்தால் சொல்லாமல் விடமாட்டார்கள். கடையில் வைத்திருக்கும் மாதிரிப் போனிலேயே 'ஸ்டோரேஜ்' பக்கத்தைத் திறந்து, சிஸ்டம் எவ்வளவு விழுங்கியிருக்கிறது என்று பாருங்கள். 64இல் கால் பங்கு அங்கேயே போயிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கேமராவையும் நிறத்தையும் விட்டுக்கொடுத்தாவது 128ஐ எடுங்கள்.

மெகாபிக்சலை எண்ணுவது

50 இருக்கட்டும், பக்கத்தில் இருக்கும் 2 மெகாபிக்சல் கேமரா பெரும்பாலும் எண்ணிக்கைக்குத்தான்.

120 ஹெர்ட்ஸைப் பார்த்து மயங்குவது

திரை விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும் என்பதுதான் இதன் பொருள். விரலால் தள்ளும்போது வழுக்கிக்கொண்டு போகும், உண்மைதான். ஆனால் 6.7 அங்குலத் திரையில் 720 × 1600 புள்ளிகள் என்றால் அங்குலத்துக்கு 262தான் தேறும். 1080 × 2400 என்றால் 393. வித்தியாசம் தெரிய ஒரு தமிழ் நாளிதழின் இ-பேப்பரைத் திறந்து பாருங்கள். 720இல் ணகரச் சுழியும் மெய்யெழுத்தின் புள்ளியும் மங்கிக் கலங்கியிருக்கும். நானாக இருந்தால் 90 ஹெர்ட்ஸும் நல்ல தெளிவும் உள்ளதை எடுப்பேன்.

அமோலெட் திரை கண்ணுக்கு அழகு. உடைந்தால் பாக்கெட்டுக்கு அவலட்சணம். கண்ணாடி, தொடுதிரை, டிஸ்ப்ளே மூன்றும் ஒட்டிய 'காம்போ'வாகத்தான் மாற்ற வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் சாதாரண எல்சிடி திரையின் காம்போவுக்கும் ஒரிஜினல் அமோலெட்டுக்கும் சொல்லும் விலையைக் கேட்டுவிட்டு, மாற்றாமலே போனை வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு.

பெட்டியில் எழுதிய வாட்டை நம்புவது

போன் 33 வாட்டை ஏற்கும் என்பது வேறு, பெட்டிக்குள் இருக்கும் சார்ஜர் எத்தனை வாட் என்பது வேறு. சார்ஜர் இருக்கிறதா என்பதையே முதலில் கேளுங்கள்.

5ஜி என்ற எழுத்தோடு நின்றுவிடுவது

இந்தியாவில் 5ஜி சேவை தொடங்கியது 2022 அக்டோபரில். அதற்கு முன் '5ஜி' என்று விற்ற சில போன்களில் ஓரிரு அலைவரிசைகளே இருந்தன. பழைய போன் வாங்குகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். என்78, என்28 என்ற இரண்டு அலைவரிசைகளும் இருக்கிறதா பாருங்கள். என்28 என்பது 700 மெகாஹெர்ட்ஸ். சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வருவது அதுதான். ஜியோ இதைப் பயன்படுத்துவதால், ஜியோ சிம் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

பழைய போனை அவசரத்தில் வாங்குவது

*#06# அடித்தால் ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண் வரும். கேஒய்எம் (KYM) என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். கறுப்புப் பட்டியலில் உள்ள போனா என்று தெரிந்துவிடும். விற்பவர் தன் கூகுள் கணக்கை உங்கள் கண்முன்னே நீக்கட்டும். அதுவரை பணத்தை எடுக்காதீர்கள்.

ஒருவர் இதைச் செய்யாமல் வாங்கி, ரீசெட் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். திரை பழைய சொந்தக்காரரின் ஜிமெயிலைக் கேட்கிறது. விற்றவரின் எண்ணோ அணைக்கப்பட்டிருக்கிறது. திருட்டுப் போனா இல்லையா என்று தெரியாமல் நான் கைவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "ஆளைப் பிடித்துக்கொண்டு வருகிறேன்" என்று போனை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். நான்கு மாதமாகிறது.