சியோலில் கிறிஸ்துமஸ்: பன்னிரண்டு பேருக்குச் சமைக்காதீர்கள்

டிசம்பர் பிறந்தால் போதும், புதிதாகச் சியோல் வந்த நம்மூர்ப் பிள்ளைகளில் யாராவது கேட்டுவிடுவார்கள்: "அண்ணா, 24 ராத்திரி ஆபீஸ்ல எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிடலாம்னு இருக்கேன், மட்டன் எங்க கிடைக்கும்?" மட்டன், வெளிநாட்டவர் கடைகள் இருக்கிற இத்தேவோன் பகுதியில் கிடைக்கும். சாப்பிட ஆள்தான் கிடைக்காது. தெர்மல், கையுறை பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. ஒருநாள் பஸ்ஸுக்கு நின்றால் தானாகப் புரியும்.

வீட்டு விருந்து

நானும் இதே கூத்தை அடித்தவன்தான். முதல் வருஷம், குழுவில் இருந்த பதினோரு பேரையும் கூப்பிட்டேன். எல்லாரும் சிரித்த முகத்தோடு "நேரம் இருக்குமா பார்க்கிறேன்" என்றார்கள். வருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்ல மனசில்லாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அப்போது தெரியாது. லீவு போட்டுக் காலையிலிருந்து சமைத்தேன். அங்கே ஆட்டுக்கறி விற்கிற விலையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எட்டு மணிக்கு வந்தது ஒரே ஒருவர், எங்கள் பூஜாங்நிம். துறைத் தலைவர், ஐம்பத்தைந்து தாண்டியவர். மகள்கள் இருவரும் காதலர்களோடு வெளியே போய்விட்டார்களாம், மனைவி சர்ச் பாடகர் குழுவில். அவருக்குத்தான் போக இடமில்லை.

குடும்பம் கூடுவது சொல்லால் என்ற புத்தாண்டுக்கும் சுசோக் என்ற அறுவடைத் திருநாளுக்கும்தான், கிறிஸ்துமஸ் ஜோடிகளுக்கு என்று சொல்லிவிட்டு, காரணமும் சொன்னார். 1945 முதல் 1982 ஜனவரி வரை அங்கே இரவு ஊரடங்கு. அவர் இளமைக் காலத்தில் நள்ளிரவு முதல் காலை 4 மணி வரை தெருவில் தலைகாட்டக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரியும் வருஷக் கடைசி ராத்திரியும் மட்டும் விலக்கு. "அந்த ஒரு ராத்திரிக்காகவே காத்துக் கிடப்போம். மியோங்தோங் கடைத்தெருவில் கால்வைக்க இடமிருக்காது" என்றார். சர்ச்சுக்குப் போகாதவர்களும்தான். 2015 கணக்கெடுப்பிலேயே பத்தில் மூன்று பேர்கூடக் கிறிஸ்தவர்கள் இல்லை. ஊரடங்கு போய்விட்டது, ஊர்சுற்றல் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆபீஸ்காரர்களோடு சேர்ந்து சாப்பிட ஆசையா? அதற்குத்தான் டிசம்பர் நடுவில் சோங்ன்யோன்ஹ்வே என்ற ஆண்டிறுதி விருந்து இருக்கிறது. அங்கே சமோசா கொண்டுபோங்கள்.

உடன் வேலைசெய்யும் பெண்ணை 24 இரவு தனியாகச் சாப்பிடக் கூப்பிடுவது

அது சாப்பாட்டுக்கான அழைப்பு இல்லை. தெரிந்து கூப்பிட்டால் சரி.

கேக்

பிளம் கேக்கைத் தேடி அலையாதீர்கள். அங்கே கிறிஸ்துமஸ் கேக் என்றால் ஸ்பான்ஞ், வெள்ளை கிரீம், மேலே ஸ்ட்ராபெரி. பசுமைக்குடிலில் வளர்ப்பதால் ஸ்ட்ராபெரிக்கு அங்கே குளிர்காலம்தான் சீசன். முன்பதிவு செய்துவிடுங்கள், 24 மாலை போனால் யாருக்கும் பிடிக்காத கேக்குதான் கண்ணாடிப் பெட்டியில் மிஞ்சியிருக்கும். பூஜாங்நிம் எனக்குக் கொண்டுவந்ததும் அப்படி ஒன்றுதான், சர்க்கரைவள்ளிக் கிழங்கு கேக். மோசமில்லை.

வாழ்த்து அட்டையில் சிவப்பு மை

அலங்காரம் எவ்வளவு சிவப்பாகவும் இருக்கலாம். உயிரோடிருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதாதீர்கள், அபசகுனம்.

26-ஆம் தேதி

வேலை நாள். 1949 முதல் 25-க்கு அரசு விடுமுறை உண்டு, மறுநாளுக்குக் கிடையாது. அந்த வருஷம் பால்கனிக் குளிரில் பிரிட்ஜில் வைத்ததுபோல் கிடந்த பிரியாணியை ஐந்து டப்பாவில் கட்டி ஆபீசுக்கு எடுத்துப் போனேன். பத்து நிமிஷத்தில் காலி.