இத்தாலியில் எதையும் மரியாதையாகக் கேட்க

இத்தாலியில் கடைக்குள் நுழைந்ததும் எடுத்த எடுப்பில் பொருளைக் கேட்காதீர்கள். முதலில் "புவோன்ஜோர்னோ" என்று வணக்கம் சொல்லுங்கள், மாலையானால் "புவோனாசேரா". வணக்கமில்லாத கேள்வி அங்கே அதட்டலாகவே ஒலிக்கும். "சாவ்" என்கிற வணக்கம் நண்பர்களுக்கு மட்டும்.

அடுத்து, எனக்கு மிகவும் பிடித்த சொல்: "வொர்ரேய்". 'எனக்கு வேண்டியிருந்தது, கிடைக்குமா' என்கிற பணிவு அதற்குள்ளேயே இருக்கிறது. "வொர்ரேய் உன் கஃபே, பெர் ஃபவோரே" என்றால் ஒரு காபி தாருங்கள் என்று பொருள். அகராதியைப் பார்த்து "வோல்யோ" என்று சொல்லிவிட்டால், 'எனக்கு வேண்டும்!' என்று குழந்தை அடம்பிடிப்பதுபோல் ஆகிவிடும்.

நம் நீ, நீங்கள் போலவே அவர்களுக்கும் "தூ", "லேய்" என்று இரண்டு உண்டு. அறிமுகமில்லாத பெரியவர்களிடம் "லேய்"தான். ஆகவே வழி கேட்கும்போது 'மன்னி' என்பது போன்ற "ஸ்கூஸா" வேண்டாம், 'மன்னியுங்கள்' என்று பொருள்படும் "மி ஸ்கூஸி" என்று தொடங்குங்கள். உதவி வேண்டுமா? "பொத்ரெப்பே ஆயுத்தார்மி?" இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், ரயில் நிலையம், மருந்துக்கடை, தங்கும் விடுதி எல்லா இடத்திலும் கைகொடுக்கும்.

பஸ் கூட்டத்தில் வழிவிடச் சொல்ல "பெர்மெஸ்ஸோ". ஒருவர் வீட்டுக்குள் அழைத்தாலும், வாசல்படியைத் தாண்டும்போது இதே சொல்லைச் சொல்வது அங்குள்ள அழகான வழக்கம். சந்தையில் பழத்தைத் தொடுவதற்கு முன் "பொஸ்ஸோ?" என்று கேளுங்கள். சாப்பிட்டு முடித்ததும் பில் தானாக வராது. "இல் கோந்தோ, பெர் ஃபவோரே" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.