சான்றிதழுக்காக டொமைனைச் சரிபார்க்க எந்த முறையைத் தேர்வது?

ஒரு தளம் அந்த டொமைனுக்கு (இணையப் பெயருக்கு) உரியதுதான் என்று உலாவிக்குக் காட்டும் இணையதளச் சான்றிதழை வழங்கும் நிறுவனம், டொமைனின் உரிமையாளர் யார் என்று ஆராய்வதில்லை. அந்த நேரத்தில் அது யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை மட்டுமே சோதிக்கிறது. ஆகவே முறையைத் தேர்வதற்கு முன், நம்மைத் தவிர வேறு யாரெல்லாம் அந்தச் சோதனையில் தேறிவிட முடியும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தக் கேள்வியில் முதலில் அடிபடுவது மின்னஞ்சல் முறைதான். அட்மின், வெப்மாஸ்டர், ஹோஸ்ட்மாஸ்டர் போன்ற ஐந்து முகவரிகளில் ஒன்றுக்கு வரும் கடிதத்தைத் திறப்பவரே உரிமையாளர் என்று அது எடுத்துக்கொள்கிறது. 2015-இல் மைக்ரோசாப்டின் லைவ்.எஃப்ஐ சேவையில் ஹோஸ்ட்மாஸ்டர் என்ற பெயரைச் சாதாரணப் பயனர் ஒருவரே பதிவுசெய்து, அந்த டொமைனுக்குச் சான்றிதழும் பெற்றுவிட்டார். வேறு வழி இருக்கும்போது இம்முறையைத் தொடாதீர்கள்.

ஒரே சர்வரில் இயங்கும் தளத்துக்கு எச்டிடிபி முறை போதுமானது. நிறுவனம் தரும் குறியீட்டைத் தளத்தின் குறிப்பிட்ட கோப்புறையில் வைத்தால், அது போர்ட் 80 வழியாக வந்து படித்துக்கொள்ளும். அந்த நிறுவனத்தின் ஐபி முகவரியை மட்டும் ஃபயர்வாலில் அனுமதித்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். இணையப் பாதைகளைத் திசைதிருப்பி ஏமாற்றுவதைத் தடுக்க, இப்போது உலகின் பல இடங்களிலிருந்து அதே சோதனை நடத்தப்படுகிறது. 2025 செப்டம்பர் முதல் இது கட்டாயம். மேலும், ஒரு டொமைனின் துணைப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் செல்லுபடியாகும் வைல்டுகார்டு சான்றிதழ் இம்முறையில் கிடைக்காது.

வைல்டுகார்டு வேண்டுமானால், அல்லது சர்வர் வெளியிலிருந்து எட்ட முடியாததாக இருந்தால், டிஎன்எஸ் முறைக்கு வர வேண்டும். டிஎன்எஸ் என்பது டொமைன் பெயரைச் சர்வரின் முகவரியோடு இணைக்கும் பதிவேடு; இதில் டிஎக்ஸ்டி என்ற உரைப் பதிவில் குறியீட்டை இடுகிறோம். தானியங்கிப் புதுப்பித்தலுக்காக முழு டிஎன்எஸ்ஸையும் திருத்தவல்ல ஏபிஐ சாவியை வெப் சர்வரிலேயே வைத்துவிடுவதுதான் இங்கே பலர் செய்யும் தவறு. சர்வர் களவுபோனால் டொமைன் முழுவதும் போகும். மாறாக, குறியீடு இடப்படும் 'ஆக்மி சேலஞ்ச்' என்ற துணைப் பெயரை மட்டும், ஒரு பெயரை இன்னொன்றுக்குச் சுட்டும் சிநேம் பதிவு மூலம் தனியான வேறொரு டொமைனுக்குத் திருப்பிவிட்டு, அதற்கான சாவியை மட்டுமே சர்வருக்குக் கொடுங்கள். கால் மணி நேர வேலைதான், ஆனால் இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வதானால் இதையே செய்யச் சொல்வேன்.

எப்படியும் தானியங்கியாக்குவது தவிர்க்க முடியாதது: 2029 மார்ச் 15 முதல் சான்றிதழின் ஆயுள் அதிகபட்சம் 47 நாட்கள், ஒருமுறை செய்த சரிபார்ப்பை மறுபடி பயன்படுத்தும் கால வரம்பு 10 நாட்கள்.

நீங்கள் நல்ல முறையைத் தேர்ந்தாலும், வேறொருவர் வேறொரு நிறுவனத்திடம் பலவீனமான முறையில் விண்ணப்பிப்பதை அது தடுக்காது. அதற்குத்தான் டிஎன்எஸ்ஸில் இடும் சிஏஏ பதிவு. எந்த நிறுவனம் உங்கள் டொமைனுக்குச் சான்றிதழ் வழங்கலாம் என்பதை அதில் எழுதுகிறோம். வழங்குவதற்கு முன் அதைப் பார்ப்பது 2017 செப்டம்பர் முதல் எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயம். அனுமதிக்கப்படும் முறையையும் கணக்கையும் அதே பதிவில் குறிப்பிட இடமுண்டு என்றாலும், உங்கள் நிறுவனம் அந்தக் கூடுதல் குறிப்புகளை மதிக்கிறதா என்று அதன் ஆவணத்தில் உறுதிசெய்துகொண்டு எழுதுங்கள். பின்னாளில் முறையை மாற்றினால் இந்தப் பதிவையும் கூடவே மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த புதுப்பித்தலை நீங்களே தடுத்தவராவீர்கள்.