சம்பளம் வந்த அன்று கணக்கு நோட்டையும் வேதாகமத்தையும் சேர்த்துத் திறவுங்கள்

சம்பளம் கைக்கு வந்த அன்று ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். கணக்கு நோட்டை எடுத்து வேதாகமத்தின் பக்கத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். சபையில் புதிதாகக் கல்யாணமான பிள்ளைகள் கேட்டாலும் இதைத்தான் சொல்லித் தருகிறேன்.

காணிக்கைக் கவரை முதலில் தொட வேண்டாம். யார் யாருக்குப் பாக்கி இருக்கிறது என்று எழுதுங்கள்: வீட்டு வேலைக்கு வருகிற அக்கா, பால்காரர், மளிகைக் கடைப் பற்று, போன மாதம் சுவர் பூசிய கொத்தனார். பிறகு உபாகமம் 24:14, 15 வசனங்களைச் சத்தமாக வாசியுங்கள். வேலை செய்தவனின் கூலியை அன்றைக்கே, பொழுது போகுமுன்னே கொடுக்கச் சொல்கிறது நியாயப்பிரமாணம். யாக்கோபு 5:4-இல் பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது. அந்த அக்காவின் சம்பளத்தை நாளைக்கு என்று தள்ளிவிட்டு ஆலயத்தில் தாராளமாகப் போடுவதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதம் இல்லை. அடுத்தது பெற்றோரின் மருந்துச் செலவு. 'கொர்பான்', அதாவது 'இது தேவனுக்குக் காணிக்கை', என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை இயேசு எப்படிக் கண்டித்தார் என்பதை மாற்கு 7-இல் பாருங்கள்.

இனி காணிக்கை. 1 கொரிந்தியர் 16:2-இல் பவுல் சொல்லும் முறை எளிது: வாரத்தின் முதல் நாள்தோறும், வரவுக்குத் தக்கதாக, வீட்டிலேயே எடுத்து வைப்பது. மாதச் சம்பளக்காரர்கள் அன்றைக்கே வாரத்துக்கு ஒரு கவராகப் பிரித்துவிடலாம். தினக்கூலிக்காரர்கள் வேலை கிடைத்த நாளில் எடுத்து வைத்தால் போதும். தசமபாகம், அதாவது வரவில் பத்தில் ஒரு பங்கு, நல்ல அளவுகோல்தான். ஆனால் வட்டிக்கு வாங்கி யாரும் அதை நிரப்ப வேண்டாம். 'இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே' என்கிறது 2 கொரிந்தியர் 8:12. 'கொடுத்தால் இரட்டிப்பாய்த் திரும்பி வரும்' என்று பிரசங்கம் கேட்டால், வீட்டுக்கு வந்து அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்தில் இருந்துகொண்டே கொடுத்தார்கள். அந்தப் பணம் எருசலேமில் இருந்த ஏழைகளுக்குப் போயிற்று. லாபம் எதிர்பார்த்து அவர்கள் கொடுக்கவில்லை.

பணம் கையில் புரளாத வீட்டுக்குப் பிடி அரிசி இருக்கிறது. அரிசிப் பானைக்குப் பக்கத்தில் மூடியுள்ள ஒரு டப்பாவை வையுங்கள். உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், அளந்ததிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து அதில் போடுங்கள். பானையிலிருந்து தனியாக எடுத்தால் மறந்துபோகும். அளந்ததிலிருந்து எடுத்தால்தான் நம் சாப்பாட்டிலிருந்து கொடுத்ததாகும். நீங்கள் பொங்குகிற அரிசியே டப்பாவுக்கும் போகட்டும், மட்டமானது வேண்டாம். வண்டு விழாமல் இருக்க இரண்டு காய்ந்த மிளகாய் போட்டு வைக்கலாம். டப்பா நிறைந்ததும் ஆலயத்துக்குக் கொண்டுபோங்கள். மிசோரம் சபைகளிலும் பெண்கள் இப்படி அரிசி எடுத்து வைத்தே ஊழியத்தைத் தாங்கியிருக்கிறார்கள். நம் பக்கத்திலும் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, பிற்பாடு பேராயரான வி. எஸ். அசரியாவும் அவரோடு இருந்தவர்களும் நம் ஆட்களை நம் பணத்தில் அனுப்புவோம் என்றுதான் முடிவெடுத்தார்கள். தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் வரைக்கும் அந்த ஊழியம் போனது.

பீரோவையும் ஒருதரம் திறந்து பாருங்கள். லூக்கா 3:11 இரண்டு அங்கி உள்ளவனைப் பற்றிப் பேசுகிறது. கொடுக்கிற துணியைத் துவைத்து, அறுந்த பித்தானைத் தைத்துக் கொடுங்கள். கிழிந்தது கரித்துணிக்கு ஆகட்டும்.

கடைசியாக நோட்டில் 'தர்மம்' என்று ஒரு வரி போட்டுத் தொகையை மட்டும் எழுதுங்கள். வாங்கினவர் பெயர் வேண்டாம். அந்த நோட்டை நாளைக்கு உங்கள் பிள்ளைகள் புரட்டுவார்கள். வாங்கினவர் அடுத்த தெருவில் இருக்கலாம்; அந்த வீட்டுப் பிள்ளைகள் உங்கள் பிள்ளைகளோடுதான் ஞாயிறு பள்ளியில் உட்காருகிறார்கள்.