முகலாய முரக்கா: ஒரு தாளை முறையாகக் கட்டுவது எப்படி

முகலாய அரசவையில் ஓவியங்களையும் அழகெழுத்துத் தாள்களையும் சேர்த்துக் கட்டிய ஆல்பத்துக்கு முரக்கா என்று பெயர். 'ஒட்டுப்போட்டது' என்பதே சொல்லின் பொருள். ஜஹாங்கீரின் குல்ஷன் ஆல்பத்தில் பெரும்பகுதி இன்று டெஹ்ரானின் கோலஸ்தான் அரண்மனையில் இருக்கிறது. அந்த முறையில் தாள் கட்ட நினைப்பவர்கள் தூரிகையைத் தொடுவதற்கு முன் பசையைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

100 கிராம் மைதாவை அரை லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி போலத் தெளியும்வரை சிறு தீயில் கிண்டித் துணியில் வடிகட்டுங்கள். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போதும். கூடினால் காகிதம் நாளடைவில் நொறுங்கும். மயில்துத்தம் நஞ்சு என்பதால் அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

ஒரு பக்கம் ஓவியம், மறுபக்கம் எழுத்து. இரண்டையும் தனித்தனி ஹாஷியாவில், அதாவது அகன்ற ஓரத் தாளில், பதிக்க வேண்டும். ஷாஜகான் ஆல்பத் தாள்கள் ஏறத்தாழ 39 × 26 செ.மீ. ஓவியம் 20 × 13 என்றால் தையல் பக்கம் 4, வெளிப்பக்கம் 9, மேலே 8, கீழே 11 விடலாம். ஹாஷியாவில் வெட்டும் சன்னல் நாலு பக்கமும் 3 மி.மீ. சிறிதாக இருக்கட்டும். ஒன்றின்மேல் ஒன்று படியும் விளிம்பைக் கத்தியால் சுரண்டி மெலிதாக்குங்கள். இதைச் சோம்பலில் விட்டால் மேடு தட்டி, ஆல்பத்தை மூடும்போதெல்லாம் எதிர்ப்பக்க வண்ணம் உரிந்து வரும்.

பிறகு நடுவில் இரண்டு கைக்காகிதம் வைத்து, இரு ஹாஷியாக்களையும் முதுகோடு முதுகாக ஒட்டுங்கள். காகிதங்களின் நாரோட்டம் ஒரே திசையில் இல்லையென்றால் தாள் சுருளும். பாரம் ஏற்றி 3 நாள் நிழலில் காயட்டும். முழுக்கக் காய்ந்தபின் அகேட் கல்லால் ஓரங்களைத் தேயுங்கள். ஈரத்தில் தேய்த்தால் பஞ்சு பஞ்சாக எழும்பிவிடும்.

ஒட்டின் கோட்டை மறைப்பது ஜத்வல் எனும் தங்க, வண்ணக் கோடுகள். இங்கேதான் பழைய ஆல்பங்களின் பெருந்துயரம். பச்சைக் கோட்டுக்குச் செம்புக்களிம்பு நிறத்தைப் போட்டார்கள். அது காகிதத்தைக் கோட்டின் வழியே அரித்து, ஓவியம் சட்டத்திலிருந்து தனியே கழன்று விழும் அளவுக்குக் கொண்டுபோனது. குரோமியம் ஆக்சைடு பச்சையே பாதுகாப்பானது. தங்கத்துக்கு, தங்க ரேக்கை, அதாவது மிக மெல்லிய தங்கத் தகட்டை, தேனில் விரலால் அரைத்துக் கழுவி, வேலம்பிசினில் குழைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்கும்போது ஓவியத்துக்கு எதிரே ஓவியம், எழுத்துக்கு எதிரே எழுத்து வர வேண்டும். முதல் தாள் ஓவியத்தில் முடிந்தால் இரண்டாவது ஓவியத்தில் தொடங்கி எழுத்தில் முடியும், மூன்றாவது எழுத்தில் தொடங்கும். எதிரெதிர் உருவப்படங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். முதுகு காட்டி நின்றால் விரித்த பக்கம் இரண்டாகப் பிளந்துபோகும். பாரசீக எழுத்துக்கு ஏற்ப, ஆல்பம் வலப்பக்கத்திலிருந்து திறக்க வேண்டும்.