இல்மனைட் அகழ்வுக்கு முன் ஊர்க் கிணற்றையும் மணலையும் பதிவு செய்வது எப்படி

இலங்கையின் கிழக்கில் திருக்கோவில், வாகரை, கதிரவெளி போன்ற கரையோர ஊர்களில் இல்மனைட் (கறுப்பு மணலிலுள்ள தைத்தேனியக் கனியம்) அகழ்வுப் பேச்சு எழும்போது கோயில் மதில், பாடசாலைக் கொப்பி என்று கம்பனி உதவி பற்றிய பேச்சும் எழும். அதை ஏற்பது ஊரின் விருப்பம். ஆனால் முதலில் கையில் இருக்க வேண்டியது கிணற்றுப் பதிவு. அது இல்லாவிட்டால், நாளை தண்ணீர் உவர்க்கும்போது "முந்தியே அப்படித்தான்" என்பார்கள். மறுக்க ஆதாரம் இருக்காது.

கனடாவின் சஸ்காச்சுவானில் கமேக்கோ, ஒரானோ கம்பனிகளின் யுரேனியச் சுரங்கங்களுக்கு அருகிலுள்ள ஊர்களில் 2011 முதல் தண்ணீர், மீன், காட்டுப்பழம், வேட்டை இறைச்சி ஆகியவற்றைச் சோதித்து முடிவுகளை வெளியிடுகிறார்கள். மாதிரி சேர்ப்பதில் ஊரவருக்கும் பங்குண்டு. முன்னணிக் கம்பனி என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் இதே ஏற்பாட்டை எழுத்தில் கேளுங்கள். நம் கரையில் யுரேனியச் சுரங்கம் இல்லை; ஆனால் இல்மனைட்டோடு கிடக்கும் மொனசைட் என்ற கனியத்தில் கதிர்வீசும் தோரியமும் சிறிது யுரேனியமும் உண்டு. இல்மனைட்டைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் மணலில் அது செறிகிறது. ஆகவே கழிவு மணலை எங்கே குவிப்பார்கள் என்பதையும் கட்டாயம் கேட்க வேண்டும்.

கிணறுகளை வருடத்தில் இரு தடவை பாருங்கள்: மாரி தொடங்குமுன் செப்டெம்பரில் ஒன்று, மழை ஓய்ந்தபின் பெப்ரவரியில் ஒன்று. காலையில் யாரும் அள்ளுமுன் கிணற்றுக் கட்டின் ஒரே அடையாளத்திலிருந்து நீர்மட்டம் வரை நாடாவால் அளந்து, மின்கடத்துதிறன் மீற்றரின் எண்ணையும் (நீரில் உப்புக் கூடினால் இது கூடும்) எழுதுங்கள். மணற்கரையில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. அகழ்வுக் குழியிலிருந்து நீரை இறைத்து நன்னீர் மட்டம் ஓரடி இறங்கினால், கணக்குப்படி அடியிலுள்ள உவர்நீர் ஏறத்தாழ நாற்பது அடி மேலேறும். நீர்மட்டமும் கடத்துதிறனும்தான் அதை முதலில் காட்டும்.

உலோகச் சோதனைக்கு ஒரு லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் போதும். வெறும் போத்தலானால் அதே கிணற்று நீரால் மூன்று தடவை அலசுங்கள். ஆய்வுகூடம் அமிலம் இட்டுத் தந்த போத்தலை அலசவே கூடாது. அமிலம் போய்விட்டால் உலோகம் போத்தல் சுவரில் படிந்து முடிவு குறைவாக வரும். அதிகம் நடக்கும் பிழை இதுதான். குழாய்க் கிணறானால் ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். குடிநீரில் யுரேனியத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 30 மைக்ரோகிராம்.

கதிர்வீச்சு மீற்றரைப் பொலித்தீன் பையிலிட்டு, தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் பிடித்து, பத்து எண்களின் சராசரியை எடுங்கள். கறுப்பு மணல் கோட்டில் மட்டும் அளக்காதீர்கள். அலை அதைப் பருவத்துக்குப் பருவம் நகர்த்தும். வீட்டு முற்றம், பாடசாலை, வாடி ஆகியவற்றையும் சேருங்கள். மணல் மாதிரியை ஒருகொடவத்தையிலுள்ள இலங்கை அணுசக்தி சபைக்கு அனுப்பலாம்.

கம்பனி துளையிட்ட இடங்கள், அனுமதி வரைபடம், மொனசைட் வீதம் ஆகியவற்றை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்திடம் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். பதிவுத் தாளில் திகதி, இடம், மீற்றரின் இலக்கம், அளந்தவர் கையொப்பம், கிராம சேவகரின் கையொப்பம் இருக்கட்டும். ஒரு பிரதி மீனவர் சங்கத்திடமும் மற்றொன்று மாதர் சங்கத்திடமும் இருக்க வேண்டும்.